சாக்கடையில் போனது யாருடைய சம்பாத்தியம்?

(பட்டிமன்றத் தலைப்பு: அழகுக் குறிப்பு சொல்லும் இணையப் பதிவர்கள் இளைய தலைமுறைக்கு வழிகாட்டுகிறார்களா, வழிமாற்றுகிறார்களா? ‘வழிகாட்டுகிறார்கள்’ அணியின் உரை.)

நடுவர் அவர்களே, இரண்டு அணியினரே, இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம். மணி அடிக்க ஆள் தயாராக இருக்கிறார், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எதிரணித் தலைவர் பேராசிரியர் ஐயா ஒன்று சொன்னார், நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். “இந்தக் காலத்துப் பிள்ளைகள் காலையில் சம்பாத்தியத்தை முகத்தில் பூசுகிறார்கள், ராத்திரி அதைக் கழுவிச் சாக்கடையில் விடுகிறார்கள். அதற்குப் பாடம் எடுக்கிற வாத்தியார்தான் இந்தப் பதிவர்” என்றார். நான் எழுதிக்கொண்டு வந்ததை மடித்து வைத்துவிட்டேன் நடுவர் அவர்களே. முதலில் ஐயாவோடு சேர்ந்து அந்தச் சாக்கடையைப் பார்த்துவிட்டு வருவோம்.

ஐயா, சம்பாத்தியம் சாக்கடையில் போனது உண்மை. எப்போதிலிருந்து போனது? 1975லிருந்து. அந்த வருஷம்தான் ஃபேர் அண்ட் லவ்லி கடைக்கு வந்தது. பூசினால் வெளுப்பாய், வெளுத்தால் வேலை கிடைக்கும், மாப்பிள்ளை கிடைக்கும் என்று விளம்பரம். 2020ல்தான் ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘குளோ’ என்று பெயர் மாற்றினார்கள். நடுவில் 45 வருஷம். அதில் முதல் 30 வருஷம் யூடியூபே கிடையாது! எந்தப் பதிவர் வந்து உங்கள் வீட்டில் வாங்கச் சொன்னார்? மளிகைச் சீட்டில் புளி, மிளகாய்க்குக் கீழே அந்த டியூபையும் எழுதியது யார்? நம் வீட்டுப் பெரியவர்கள்.

பெண்களை மட்டும் சொல்லாதீர்கள். யூடியூப் வந்த அதே 2005ல் ஆண்களுக்கென்றே ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் வந்தது. அதுவரைக்கும் அண்ணன்மார்கள் என்ன செய்தார்கள்? அக்கா டியூபை அக்காவுக்குத் தெரியாமல் அமுக்கினார்கள்! முன்வரிசையில் ஒரு அண்ணன் தலையைக் குனிகிறார் பாருங்கள். பரவாயில்லை அண்ணே, அக்காவுக்கு அப்போதே தெரியும்.

“கஸ்தூரி மஞ்சளும் பயத்தம் மாவும் போதாதா?” என்றும் ஐயா கேட்டார். போதும் ஐயா. ஆனால் கடையில் கஸ்தூரி மஞ்சள் என்று பொட்டலம் கட்டித் தருவது எல்லாம் கஸ்தூரி மஞ்சளா? நல்ல கஸ்தூரி மஞ்சள் சமையல் மஞ்சள் மாதிரி பளீரென்று இருக்காது. வெளிறித்தான் இருக்கும், கற்பூர வாசனை அடிக்கும், முகத்தில் கறை பிடிக்காது. இதை எனக்குச் சொல்லித்தந்தது பாட்டி இல்லை. இரண்டு பொடியையும் தன் கையில் குழைத்துப் போட்டு, கழுவிக் காட்டிய ஒரு பதிவர். பாட்டிக்குத் தெரிந்திருக்கும், ஆனால் நாம் கேட்பதற்குள் பாட்டி போய்விட்டார்.

சரி, இப்போது ஒரு கல்யாணத்துக்குப் போவோம். மொய் வேண்டாம், சும்மா வாருங்கள்.

எங்கள் பெரியம்மா பேத்தி கல்யாணம். பெண் நல்ல கறுப்பு. அப்பாவைக் கொண்டு பிறந்தவள், சிரித்தால் மண்டபத்துக்கே விளக்குப் போட வேண்டாம். டவுனிலிருந்து மேக்கப் போட ஒருவரை வரவழைத்தார்கள். பெரிய பெட்டி, நாலு அடுக்கு. திறந்தால் அதில் ஃபவுண்டேஷன், அதாவது முகம் முழுக்க ஒரே நிறமாகத் தெரியப் பூசுகிற பூச்சு, மூன்றே மூன்று. மூன்றும் வெளுப்பு! இருப்பதில் கொஞ்சம் மங்கலானதை எடுக்கலாம் இல்லையா? பெரியம்மா விடவில்லை. “காசு குடுத்திருக்கோம்ல, நல்லா வெளுப்பா போடும்மா” என்றார். மேக்கப் போட வந்த பெண்ணும் போட்டது. முகத்துக்குப் போட்டது, கழுத்துக்குப் போட்டது, கழுத்தோடு நிறுத்திவிட்டது. கை? கை, அப்பா கொடுத்த கை. அப்படியே இருந்தது.

மணமேடைக்குக் கூட்டிவந்தார்கள். அப்பத்தாவுக்குக் கண்ணில் புரை. கிட்டத்தில் வந்து உற்றுப் பார்த்தார், சத்தமாகக் கேட்டார்: “ஏ, இது யாரு? நம்ம புள்ளைய எங்க?”

மண்டபமே நின்றுவிட்டது. நாதஸ்வரக்காரர் மூச்சை விட மறந்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா, பாவம், அவருக்கும் ஏற்கெனவே சந்தேகம்! பக்கத்திலிருந்த நாத்தனார் காதில் கேட்கிறார்: “நாம பாத்துட்டுப் போன பொண்ணு இதானா?” நாத்தனார் சொல்கிறார்: “அக்காளைக் காட்டித் தங்கச்சியக் கட்டுறாகளோ?” தங்கச்சி அங்கேதான் பன்னீர்ச் செம்போடு நிற்கிறாள்! அவளும் கறுப்பு!

மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? தலையை நிமிர்த்தவே இல்லை. மெதுவாகக் கண்ணைத் தாழ்த்திப் பெண்ணின் கையைப் பார்த்தார். அந்தக் கறுத்த கையைப் பார்த்ததும்தான் அவர் முகத்தில் உயிர் வந்தது. அவள்தான்! கையை நம்பித் தாலி கட்டினார் நடுவர் அவர்களே, முகத்தை நம்பி இல்லை.

முடியவில்லை, இருங்கள். ஆல்பம் வந்தது. முகத்தில் போட்ட பவுடரும், வெயிலைத் தடுக்கிற பூச்சும் ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. படத்தில் பெண் முகம் சுண்ணாம்பு. ஃபோட்டோக்காரர் சமாளிக்கப் பார்த்தார். முகமும் கையும் ஒட்டவில்லையே என்று கையை வெளுத்தார். பெண் வெளுத்ததும் மாப்பிள்ளை ஒட்டவில்லை, மாப்பிள்ளையையும் வெளுத்தார். இரண்டு பேரும் வெளுத்ததும் அப்பா ஒட்டவில்லை. கடைசியில் ஐயர், குத்துவிளக்கு, வாழைமரம் எல்லாம் வெள்ளை! அப்பத்தா ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எந்த ஊருக் கல்யாணம்டி இது?” என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்தப் பெண் அந்த ஆல்பத்தை இன்று வரைக்கும் யாருக்கும் காட்டியதில்லை. வாழ்க்கையில் ஒரு நாள், அந்த ஒரு நாளில் அவள் முகம் அவளுக்கு இல்லை.

அடுத்து தங்கச்சி கல்யாணம். அதே மண்டபம், அதே மேக்கப்காரப் பெண். ஆனால் தங்கச்சி ஒரு பதிவரைப் பார்த்திருந்தாள். தன்னைப் போலவே நல்ல கறுப்பு, தன்னைப் போலவே எண்ணெய் வழிகிற முகம். அந்தப் பதிவர் சொன்னது என்ன? “ஃபவுண்டேஷன் வாங்கும்போது ஷேடை, அதாவது அதன் நிறத்தை, மணிக்கட்டில் பூசிப் பார்க்காதே. தாடை ஓரத்தில் மூன்றைக் கோடு கோடாகப் போட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உன் நிறம். பத்து நிமிஷம் காய விடு, சிலது காய்ந்ததும் கறுக்கும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் முழு மேக்கப்பும் போட்டு ஃபிளாஷில் படம் எடுத்துப் பார்த்துவிடு.” தங்கச்சி அப்படியே செய்தாள். மேக்கப் போடும் பெண்ணையும் கூப்பிட்டு வைத்து அந்த வீடியோவைக் காட்டினாள். அந்தப் பெண் கோபப்படவில்லை நடுவர் அவர்களே. “இந்த ஷேடெல்லாம் இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலக்கா” என்று சொல்லி, புதிதாக வாங்கிக்கொண்டு வந்தது. தங்கச்சி மணமேடைக்கு வந்தாள். அப்பத்தா அதே புரைக் கண்ணோடு பார்த்தார். “இப்பத்தான்டி என் பேத்தி” என்றார்.

ஐயா, இதற்கு என்ன பெயர்? வழிமாற்றுவதா?

2017ல் பாடகி ரிஹானா ஃபென்டி பியூட்டி என்ற அழகுப் பொருள் நிறுவனத்தைத் தொடங்கி ஃபவுண்டேஷனை 40 ஷேடில் இறக்கியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதுவரை கறுத்த தோலுக்குப் பல கடைகளில் கிடைத்தது ஏதோ கொஞ்சம்தான். ஆனால் டப்பா வந்துவிட்டால் போதுமா? நம் வெயிலில், நம் வியர்வையில், நம் நிறத்தில் அது எப்படி இருக்கும் என்று பூசிக் காட்ட ஒரு முகம் வேண்டாமா? சினிமா நடிகை காட்டவில்லை, விளம்பரம் காட்டவில்லை. வாடகை வீட்டு ஜன்னலோரம் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு நம் வீட்டுப் பெண் ஒருத்தி காட்டினாள்.

“காசு வாங்கிக்கொண்டு பேசுகிறார்கள்” என்று எதிரணித் தங்கை சொன்னார். வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2023 ஜனவரியில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது: காசோ இலவசப் பொருளோ வாங்கியிருந்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நுகர்வோரைத் திசைதிருப்பும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. சொல்லிவிட்டுப் பேசுகிறவர் நேர்மையானவர். சொல்லாதவருக்காக நான் வாதாட வரவில்லை.

கேரளத்து மலப்புரத்தில் வெளுக்கும் க்ரீம் பூசிச் சிறுநீரகம் கெட்டவர்களையும் சொன்னீர்கள், நல்லது. அந்த மாவட்டத்துக் கோட்டக்கல் மருத்துவர்கள் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைப் பார்த்தார்கள். அதில் 15 பேருக்கு ஒரே மாதிரிப் பாதிப்பு, அந்த 15ல் 13 பேர் வெளுக்க வைக்கும் க்ரீம் பூசியவர்கள். க்ரீமில் பாதரசம்! நெஞ்சு பதறுகிற விஷயம். இதைத் தடுக்கப் போவது யார்? “டப்பாவைத் திருப்பு, தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், என்ன கலந்திருக்கிறது என்று இருக்கிறதா பார், இல்லையென்றால் குப்பையில் போடு” என்று வாரா வாரம் தொண்டை வற்றக் கத்துகிறவர்களும் இந்தப் பதிவர்கள்தானே! ‘ஒரே வாரத்தில் வெள்ளை’ என்று ஸ்டீராய்டு கலந்த களிம்பை நீட்டும்போது, “டாக்டர் சீட்டு இல்லாமல் முகத்தில் போடாதே, தோல் மெலிந்துவிடும்” என்று சொல்கிறவர்களும் இவர்களில் இருக்கிறார்கள்.

பதிவர்களே, உங்களுக்காக வாதாடுகிற உரிமையில் கேட்கிறேன். ஃபில்டரை அணைத்துவிட்டுப் பேசுங்கள். உங்கள் தோல் எண்ணெய் வடிகிறதா, வறண்டதா என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பூசிய உடனே “சூப்பர்” என்று முடிக்காதீர்கள். மத்தியானம் பஸ்ஸில் போய் வந்து வியர்த்த முகத்தையும் காட்டுங்கள், விமர்சனம் அங்கேதான் இருக்கிறது. எதையும் முதலில் காதுக்குப் பின்னால் தடவி ஒரு நாள் பார்க்கச் சொல்லுங்கள். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்க்கச் சொல்லாதீர்கள், அந்த முகத்தோடு ஒரு பிள்ளை வெயிலில் போனால் வெந்துவிடும்.

மணி அடித்துவிட்டது. நடுவர் அவர்களே, ஒரு நிமிஷம் கொடுங்கள், இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

என் சின்ன அத்தைக்கு மார்பில் புற்றுநோய். கீமோ கொடுத்தார்கள், முடி கொட்டியது. அத்தை அழவில்லை. “முக்காடு போட்டுக்கிடுறேன்” என்றார். அப்புறம் புருவம் கொட்டியது. அன்றைக்குக் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். பேரனுக்குக் காதுகுத்து வந்தது. “நான் வரல, பிள்ளை என்னைப் பாத்துப் பயந்துருவான்” என்று கதவைச் சாத்திக்கொண்டார். பெற்ற மகளுக்கே கதவைத் திறக்கவில்லை.

அத்தை மகள் அன்று ராத்திரி முழுக்கப் போனைத் தேடினாள். ஒரு பெண் கிடைத்தார். அதே சிகிச்சை எடுத்தவர், தலையில் முடியில்லாமல், புருவமில்லாமல், கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். “அக்காமார்களே, பயப்படாதீங்க. முதல்ல டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. புதுப் பென்சில் வாங்குங்க, கன்னங்கரேல்னு வேண்டாம். மூக்கு ஓரத்துல இருந்து நேரா மேல வச்சுப் பாத்தா அங்கதான் புருவம் ஆரம்பிக்கும். ஒரே கோடா இழுக்காதீங்க, முடி முடியா வரைங்க” என்கிறார். சொல்லிக்கொண்டே தன் முகத்தில் வரைகிறார். கை நடுங்குகிறது, ஆனாலும் வரைகிறார்.

விடியற்காலையில் மகள் போய் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். பேசாமல் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினாள். பார்த்து முடித்துவிட்டு அத்தை தானாக முகத்தை நீட்டினார். மகள் முடி முடியாக வரைந்தாள். கண்ணாடியைத் திருப்பினார்கள். அத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “பொட்டு கொஞ்சம் பெருசா வை.”

காதுகுத்துக்கு வந்தார். பேரனை மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளை பயப்படவில்லை ஐயா, அந்தப் புருவத்தைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தான்.

அந்த வீடியோவில் விற்பனைக்கு ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணுக்கு என் அத்தையைத் தெரியாது, எங்கள் ஊரைத் தெரியாது. என் அத்தைக்கு இப்போது சொந்தப் புருவமே முளைத்துவிட்டது. இதோ, மூன்றாவது வரிசையில், பச்சைப் புடவையில், பெரிய பொட்டோடு உட்கார்ந்திருக்கிறார். அத்தை, ஒரு தடவை எழுந்து நில்லுங்கள்.

நடுவர் அவர்களே, உங்கள் தீர்ப்பை அவரைப் பார்த்துச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.