அட்டைக்கு நம் கால் எப்படித் தெரிகிறது?

(காட்சி: மழை விட்ட தேயிலை மலை. இலை நுனியில் ஓர் அட்டை நிமிர்ந்து நிற்கிறது.)

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் மழை விட்டதும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனவர்களுக்குத் தெரியும். கால் கிட்டே வருமுன்பே அட்டை நிமிர்ந்து நின்று தலையை ஆட்டும். கால் வருவது அதற்கு எப்படித் தெரிந்தது?

அதன் உடம்பிலுள்ள வாங்கிகள், அதாவது வெளியே நடப்பதை உணரும் பகுதிகள், சொல்கின்றன. நில அதிர்வு, உடம்புச் சூடு, மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு, கண்மேல் விழும் நிழல் எல்லாவற்றையும் அவை பிடிக்கின்றன. கண்ணே ஐந்து சோடி!

(காட்சி: நரம்புக்கலத்தின் மென்சவ்வு, பெரிதாக.)

தோலைத் தொட்டால் நரம்பு நுனியின் மென்சவ்வு, அதாவது கலத்தை மூடிய மெல்லிய உறை, இழுபடும். அதிலுள்ள வாயில்கள் திறக்கும், மின்னேற்றமுள்ள சோடியம் அயன்கள் உள்ளே பாயும், மின்னழுத்தம் மாறும். அந்த மாற்றம் ஓர் எல்லையைத் தாண்டினால் கணத்தாக்கம், அதாவது ஒரு மின்துடிப்பு, நரம்பில் ஓடும். தாண்டாவிட்டால் ஒன்றுமில்லை. பாதிக் கணத்தாக்கம் என்று ஒன்று கிடையாது.

எனக்கு இதில் பெரிய வியப்பு எது தெரியுமா? வெளிச்சமோ, சூடோ, தொடுகையோ, நரம்பில் ஓடுவது ஒரே மாதிரித் துடிப்புத்தான். அப்படியென்றால் எது எதுவென்று எப்படிப் பிரித்தறிவது?

அதற்கு அட்டை இனமே விடை தந்தது. 1968இல் நிக்கல்ஸ், பெய்லர் என்ற இருவர் தண்ணீரில் வாழும் மருத்துவ அட்டையை ஆராய்ந்தார்கள். அதன் ஒவ்வொரு நரம்புத் திரட்டிலும், அதாவது நரம்புக்கலங்களின் கொத்திலும், சுமார் 400 நரம்புக்கலங்கள். தோலைக் கவனிக்க அவற்றில் 14.

(காட்சி: தோலைத் தொடும் மெல்லிய கம்பி.)

மெல்லத் தொட்டால் 6 கலங்கள் துடிக்கும். கம்பியை அசைக்காமல் வைத்தால் அடங்கிவிடும், எடுக்கும்போது மறுபடி துடிக்கும். அழுத்தினால் வேறு 4 கலங்கள். அழுத்தம் இருக்கும்வரை அவை ஓயாது. கிள்ளினால்தான் மிச்ச 4 கலங்களும் நன்றாக விழிக்கும். ஆக, எந்தக் கலம் துடித்தது என்பது 'என்ன' என்று சொல்கிறது. எவ்வளவு வேகமாகத் துடித்தது என்பது 'எவ்வளவு' என்று சொல்கிறது. நம் தோலிலும் இதே முறைதான்.

சரி, அட்டையை விரட்ட உப்புப் போடுகிறோமே, அந்த உப்பு அதற்கு என்ன செய்கிறது? மருத்துவ அட்டையின் மேலுதட்டில் சுவை வாங்கிகள் உண்டு. ரத்தத்திலுள்ள அளவு உப்பும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலமும் சேர்ந்து பட்டாலே அது உறிஞ்சத் தொடங்கிவிடும். அளவு மீறினால் அதே உப்பு அட்டையின் உடம்புத் தண்ணீரை இழுத்துவிடும், அது சுருண்டு விழும்.

ஆனால் கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமேல் உப்புப் போடாதீர்கள். வயிற்றிலுள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடக்கூடும். நகத்தை அதன் வாயோரம் கொடுத்து மெல்ல நெம்பினால் பிடியை விட்டுவிடும். அப்புறம் காயத்தைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கள்.