கேட்காமல் எழுதப்படும் ஆணைகள்

(மனித உரிமை நாளையொட்டிப் பாம்பனில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே,

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காமார்களில் சிலர் விடியுமுன் வல்லமேறித் தீவுப் பக்கம் கடற்பாசி எடுத்துவிட்டு, பாறை கிழிக்காமலிருக்க விரலில் சுற்றிய துணியை அவிழ்த்த கையோடு இங்கே வந்திருக்கிறார்கள். தீர்ப்பாயங்களின் முடிவுகளிலும் அரசின் கொள்கைகளிலும் மனித உரிமைக்கு என்ன இடம் இருக்கிறது என்பதே எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அதைச் சட்டப் புத்தகத்திலிருந்து தொடங்குவதைவிட அந்த விரல் துணியிலிருந்து தொடங்கினால் தெளிவாக விளங்கும் என்று நினைக்கிறேன்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும் சேர்ந்து, ஏறத்தாழ 560 சதுர கிலோமீட்டர் பரப்பு, 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-இல் அதை உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. பவளப்பாறையும் கடற்பசுவும் காக்கப்பட வேண்டியவை என்பதில் எனக்கு ஐயமில்லை. பார், அதாவது பவளப்பாறை, செத்தால் மீன் போகும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர்களே இந்தக் கரையின் மீனவர்கள்தாம். ஆனால் தேசியப் பூங்கா என்ற ஏற்பாடு 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து வருவது. அது காட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம். எல்லைக்குள் யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று ஆட்சியர் விசாரிக்க வேண்டும் என்று அதில் வழி இருக்கிறது. எனினும் நிலத்துக்குப் பட்டா உண்டு, கடலுக்கு ஏது பட்டா? எந்தத் தீவின் எந்தப் பக்கத்தில் எந்த மாதம் பாசி விளையும், நீவாடு எனும் கடல் நீரோட்டம் எப்போது திரும்பும் என்பதைத் தாய் மகளுக்குத் தண்ணீருக்குள் நின்று காட்டித் தருகிறாள். ஆவணம் கேட்கும் விசாரணையின் காதில் அந்த உரிமை விழுவதே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாதத்துக்கு 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் அறவே நிறுத்திவிடுவது என்ற கட்டுப்பாட்டை இந்தப் பெண்களே தங்களுக்குள் வகுத்துக்கொண்டார்கள். அதே காலத்தில், 2000-க்குப் பின், வெளிநாட்டு இனமான கப்பாபைகஸ் பாசியை இந்தக் கரையில் வளர்க்க அனுமதி கிடைத்தது. 2008-இல் அது குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மீது படர்ந்திருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பூங்கா எல்லைக்குள் கையால் பாசி பறித்தவர்களுக்குத் தடையும், படரும் பாசிக்கு அனுமதியும் கிடைத்த வரிசையை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, சினமும் வருகிறது. 2001-இல் கடல் அட்டையை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின், பிடிப்பதே குற்றமாகும் முதல் அட்டவணையில் சேர்த்தபோதும், முத்துக்குளிக்கும் மரபில் வந்து அட்டை எடுத்துப் பிழைத்தவர்கள் ஒரே அறிவிப்பில் குற்றவாளிகளானார்கள். அட்டை அழிந்துகொண்டிருந்தது என்பது உண்மையாகவே இருக்கட்டும். மறுநாள் அந்த வீட்டில் எதைக் கொண்டு உலை வைப்பது என்ற கேள்வியும் அதே கோப்பில் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கேள்வி வெறும் இரக்கம் அன்று, சட்டமே அதைக் கேட்கச் சொல்கிறது. 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், வாழ்வாதாரம் இல்லாமல் உயிர்வாழும் உரிமை இல்லை என்றும், அது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. அகற்றுவதற்கு முன் அவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்பதையும் அந்தத் தீர்ப்பு வலியுறுத்தியது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை உண்டாக்கிய 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகவுரையைப் படித்தால், தூய சுற்றுச்சூழலுக்கான உரிமையும் அதே 21-ஆம் பிரிவிலிருந்து வந்ததாகவே எழுதியிருக்கிறது. கடற்கரை வழக்குகளில் பெரும்பாலும் மோதுபவை ஒரே பிரிவிலிருந்து பிறந்த இரண்டு உரிமைகள் என்பதை இதிலிருந்து அறியலாம். இயற்கை ஒரு பக்கம், மனிதர் மறுபக்கம் என்று தராசை வைப்பது, வழக்கைத் தொடங்கும்போதே தவறாகத் தொடங்குவதாகும். ஆனால் அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு தீர்ப்பாயம் பின்பற்ற வேண்டியவையாக நீடித்த வளர்ச்சி, முன்னெச்சரிக்கை, மாசுபடுத்தியவரே ஈடுகட்டுதல் என்ற மூன்று கோட்பாடுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வாழ்வாதாரம் அந்த வரிசையில் இல்லை. அதை யாராவது வழக்கில் கொண்டுவந்து வைத்தால்தான் உண்டு.

அப்படி வைக்கப்பட்ட வழக்கும் இருக்கிறது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த இறால் பண்ணை வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கரையை ஒட்டிக் கட்டுப்பாடுகள் உள்ள கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், மரபுவழி அல்லாத இறால் பண்ணைகளை அகற்ற வேண்டும் என்றது. உப்பேறிய நிலத்துக்கும் குடிநீருக்கும் இழப்பீடு கணக்கிடச் சொன்னது. என் கண்ணில் அதைவிடப் பெரிதாகப் படுவது அதிகம் பேசப்படாத ஒரு பகுதி. பண்ணைகள் மூடப்படுவதால் வேலையிழக்கும் கூலித் தொழிலாளர்களுக்கு, சட்டப்படி சேர வேண்டியதற்கு மேல் ஆறு ஆண்டுக் கூலியும் தர வேண்டும் என்று அந்தத் தீர்ப்பே ஆணையிட்டது. வழக்கில் வென்றவர்களும் தோற்றவர்களும் அல்லாத மூன்றாவது கூட்டம் ஒன்று இருப்பதை நீதிபதிகள் கண்டார்கள். 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றிப் பண்ணைகளுக்கு மீண்டும் வழி திறந்துவிட்டது என்பது வேறு கதை. தீர்ப்பும் கொள்கையும் ஒன்றையொன்று எப்படி நகர்த்துகின்றன என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

கேட்கும் கடமையில் பசுமைத் தீர்ப்பாயமே சில நேரம் வழுவியிருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது. இரு தரப்பையும் கேட்டு முடிவெடுப்பது போன்ற இயற்கை நீதியின் நெறிகள் அதை வழிநடத்தும் என்கிறது 19-ஆம் பிரிவு. விரைவாகத் தீர்ப்பதற்காகத் தந்த அந்த நெகிழ்வு, நிபுணர் குழு ஒன்றை அமைத்து அதன் அறிக்கையையே முடிவாக ஏற்கும் வழக்கத்துக்கு இடம் கொடுத்தது. தீர்ப்புச் சொல்லும் வேலையைக் குழுவிடம் ஒப்படைக்க முடியாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுதரப்பைக் கேட்காமல் ஆணையிட்டுவிட்டுப் பிறகு மறுஆய்வில் கேட்பது வாடிக்கையாகிவிட்டதை 2024 ஜனவரியில் கண்டித்தது. குழுவின் அறிவியலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அறிக்கையின் பக்கங்களில் பாசி எடுக்கும் ஒரு பெண்ணின் வாக்குமூலம் இல்லையென்றால், அது அளந்தது தண்ணீரை மட்டும்தான்.

கடலை விட்டு ஒரு நிமிடம் கரைக்கு வருகிறேன். இலங்கைத் தமிழ் அகதிகளுக்கான மண்டபம் முகாம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆயினும் 21-ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை 1996-இல், அருணாசலப் பிரதேசத்தில் குடியேறிய சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராயினும், பிறப்பால் இந்தியக் குடிமகன் என்று குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அப்படியிருந்தும் முகாமில் அந்தத் தேதிக்கு முன் பிறந்த ஒருவர் கடவுச்சீட்டுக்காக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போக வேண்டியிருந்தது. 2022-இல்தான் அவருக்குச் சாதகமான ஆணை கிடைத்தது. சட்டம் எழுதி வைத்த உரிமையையே முகாம் முகவரி மறைத்துவிட்டது. அரசு 2021-இல் அகதிகள் முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது வரவேற்கத்தக்கது. படிவங்களைச் சரிபார்ப்பவர் மேசையிலும் அந்த மாற்றம் போய்ச் சேர வேண்டும்.

சரி, நமக்கு ஒரு பாதிப்பு வந்தால் எங்கே போவது? தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அதன் 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. இழப்பீடு கோராத சுற்றுச்சூழல் வழக்கென்றால், காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள்; அதற்குமேல் கதவு சாத்திவிடும். சுற்றுச்சூழல் அனுமதி போன்ற ஆணைகளை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்தான், கூடுதலாக 60 நாள் கேட்கலாம். கடலில் ஆள் இருக்கும்போது கரையில் ஒட்டப்படும் ஆங்கில அறிவிப்புக்கு இந்தக் கெடு மிகக் குறுகியது. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் அனைத்திலும் வெளியிடுமாறு டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டிய நிலை ஏற்பட்டது என்பதிலிருந்தே, தானாகத் தமிழில் எதுவும் வந்து சேராது என்று விளங்கும். ஒரு நல்ல செய்தி: தீர்ப்பாயங்களின் முடிவுகள் உயர் நீதிமன்றத்தின் ஆய்வுக்கு உட்பட்டவை என்று 1997-இல் சந்திரகுமார் வழக்கில் ஏழு நீதிபதிகள் கூறியிருக்கிறார்கள். நமக்கு மதுரை, சென்னையைவிட அருகில்.

எனவே செய்யக்கூடிய ஒரு சிறு வேலையைச் சொல்லி முடிக்கிறேன். கரையில் ஏதாவது அறிவிப்பு ஒட்டப்பட்டால், அதைக் கைப்பேசியில் படமெடுத்து, பார்த்த தேதியை அன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்து வரும் கிராம சபை ஜனவரி 26-ஆம் தேதி. அன்று, பாசி எடுப்பவர்கள் எத்தனை பேர், எந்தெந்தத் தீவின் பக்கம், எந்த மாதங்களில் போகிறார்கள் என்பதைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, ஊராட்சிச் செயலர் கையெழுத்திட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள். நாளை ஒரு தீர்ப்பாயம் ஆவணம் எங்கே என்று கேட்டால், காட்டுவதற்கு அந்த ஒரு தாளாவது நம் கையில் இருக்கட்டும்.