மைக்ரோமீட்டர்: கேலிபரேஷன் செய்வதா, புதுசு வாங்குவதா?

[திரையில்: மூடிய நிலையில் 0-25 மைக்ரோமீட்டர்]

வணக்கம் நண்பர்களே. துண்டுகளின் பருமனை நூறில் ஒரு மி.மீ. வரை அளக்கும் இந்த மைக்ரோமீட்டரைப் பாருங்கள். மூடினால் பூஜ்யம் கச்சிதமாக நிற்கிறது. ஆனாலும் இது 12 மி.மீ. அளவில் தப்பாகக் காட்டலாம். பூஜ்யம் சரியாக இருக்கிறதே என்று நம்பி நீங்கள் ஒரு லாட்டையே, அதாவது ஒரு தொகுதி முழுவதையுமே, கடைந்து அனுப்பிவிடலாம். வருஷா வருஷம் கேலிபரேஷனுக்குப் பணம் கொடுப்பதற்குப் புதுசே வாங்கிவிடலாமே என்று கேட்கிற எல்லாருக்கும்தான் இந்த வீடியோ.

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கேலிபரேஷன் ரிப்பேர் கிடையாது. ரத்தப் பரிசோதனை செய்தால் சர்க்கரை இறங்கிவிடுமா? அதே கதைதான். எந்த அளவில் எவ்வளவு பிழை என்று லேப் எழுதித் தரும், அவ்வளவுதான்.

[திரையில்: ஸ்லிப் கேஜ் பெட்டி]

சரி, எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருவோம். லேபில் மைக்ரோமீட்டரைச் சோதிக்க எடுக்கும் ஸ்லிப் கேஜ்களின், அதாவது நீளம் துல்லியமாகத் தெரிந்த கட்டைகளின், அளவுகளை மி.மீ.யில் கவனியுங்கள்: 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15, 17.6, 20.2, 22.8, 25. ஏன் இப்படிக் கோணல்மாணலான எண்கள்? 5, 10, 15, 20 என்று எடுத்தால் என்ன?

உள்ளே இருக்கும் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ. நகரும். தண்டைச் சுற்றியுள்ள 50 கோடுகளில் ஒவ்வொன்றும் 0.01 மி.மீ. இப்போது 5, 10, 15 என்று சோதித்தால், ஒவ்வொரு முறையும் ஸ்க்ரூ முழுச் சுற்றுகளாகச் சுற்றி அதே பூஜ்யக் கோட்டில்தான் வந்து நிற்கும். சுற்றின் நடுவில் இருக்கும் கோளாறு கண்ணில் படவே படாது. 5.1 என்றால் கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக, ஐந்தில் ஒரு பங்கு தள்ளி நிற்கும். 7.7 ஐந்தில் இரண்டு. 10.3 ஐந்தில் மூன்று. 12.9 ஐந்தில் நான்கு. புரிகிறதா? நீளவாக்கிலும் சுற்றுவாக்கிலும் ஒரே நேரத்தில் மரையைத் தடவிப் பார்த்துவிடுகிறார்கள். இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம்!

உங்கள் பட்டறையில் நாள் முழுக்க 12 மி.மீ. ஷாஃப்ட்தான் ஓடுகிறது என்றால், மரை தேய்வதும் பெரும்பாலும் அந்த இடத்தைச் சுற்றித்தான். பூஜ்யத்தில் அது தெரியாது. பெட்டியோடு வரும் சின்ன ஸ்பேனரால் பூஜ்யத்தைத் திருத்தலாம், ஒரு இடத்தில் மட்டும் தேய்ந்த மரையைத் திருத்த முடியாது.

இன்னொன்று. கருவி மேல் பழியைப் போடும் முன் சூட்டைப் பாருங்கள். நீள அளவுகளுக்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. லேத்திலிருந்து 60 டிகிரி சூட்டில் எடுத்த 25 மி.மீ. இரும்புத் துண்டை 30 டிகிரியில் இருக்கும் மைக்ரோமீட்டரால் அளந்தால், 0.008 மி.மீ.க்கும் மேல் கூடுதலாகக் காட்டும். ஜெர்மனியின் டின் 863 தரம் இந்த அளவு மைக்ரோமீட்டருக்கு அனுமதிக்கும் பிழையே 0.004 தான். கூடுதலாக இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் கடைவீர்கள். ஆறினதும் ஜாப், அதாவது கடைந்த துண்டு, சின்னதாகிவிடும். இப்படி வீணாகத் திட்டு வாங்கிய நல்ல மைக்ரோமீட்டர்கள் நிறைய இருக்கும்.

[திரையில்: டார்க் ரெஞ்ச்]

போல்ட்டைக் குறிப்பிட்ட இறுக்கத்துக்கு முடுக்கும் டார்க் ரெஞ்சுக்கு ஒரே வரி: ஐ.எஸ்.ஓ. 6789 என்ற சர்வதேசத் தரம் சொல்வது போல 5000 தடவை அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது அனுப்புங்கள். ஸ்ப்ரிங்கைத் திருத்திக் கொடுத்துவிடலாம், தூக்கிப்போட வேண்டாம்.

அப்புறம் பணக் கணக்கு. மரத்தச்சர், கொத்தனார் வைத்திருக்கும் டேப்பைக் கேலிபரேஷனுக்கு அனுப்புவது வீண், புதுசு வாங்குங்கள். வெர்னியரின் தாடையை மூடி வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளி தெரிகிறதா? அதையும் மாற்றுங்கள். ஆனால் நல்ல மைக்ரோமீட்டரின் விலையோடு ஒப்பிட்டால் கேலிபரேஷன் செலவு சின்னது. இன்னொரு விஷயம், புதுசு வாங்கினாலும் தரச் சான்று கேட்கும் கம்பெனிக்கு வேலை செய்தால் கேலிபரேஷன் சர்டிஃபிகேட் காட்டித்தான் ஆக வேண்டும். செலவு தப்பாது.

கடைசியாக, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பழைய கருவியைத் தூக்கிப்போட முடிவு செய்தாலும், அதற்கு முன் ஒரு தடவை அளவு பார்த்துவிடுங்கள். அது எவ்வளவு தப்பாகக் காட்டியது என்று தெரிந்தால்தான், அதை வைத்துச் செய்து ஏற்கனவே அனுப்பிய ஜாப்களில் எதைத் திரும்பச் சோதிக்க வேண்டும் என்று தெரியும். தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001 கேட்பதும் இதைத்தான்.

உங்கள் ஊரில் மைக்ரோமீட்டர் கேலிபரேஷனுக்கு எவ்வளவு வாங்குகிறார்கள், எத்தனை நாளில் திருப்பித் தருகிறார்கள்? கமெண்டில் எழுதுங்கள். புதிதாகப் பட்டறை போடும் தம்பிகளுக்கு உதவும்.