'ஹிஸ்பானிக்' என்ற கட்டத்துக்குள் யார் யார்?

நண்பர்களே, வணக்கம்.

நியூயார்க்கில் மருத்துவமனைக்குப் போனால் நிரப்பச் சொல்லும் படிவத்தில் 'ஹிஸ்பானிக்', அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர், என்று ஒரு கட்டம் இருக்கும். 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்த நகரத்தில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் அதற்குள் வருகிறார்கள். அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். விசாக் கவலை அவர்களுக்கு இல்லை. மெக்சிகோவின் ப்யூப்லாவிலிருந்து எல்லை தாண்டி வந்து உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவரிடம் எந்தக் காகிதமும் இருக்காது. இந்த இருவரையும் கூட்டிச் சராசரி எடுத்தால், அது யாருடைய உடல்நிலை?

2008 முதல் 2011 வரை நியூயார்க்கின் பிராங்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோ ஆகிய இடங்களில் 16,000-க்கு மேற்பட்ட ஹிஸ்பானிக் மக்களைச் சேர்த்துப் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கினார்கள். தென் அமெரிக்க வழியினரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சர்க்கரை நோய். மெக்சிகோ வழியினரில் பதினெட்டுப் பேருக்கு. ஆஸ்துமாவில் கதை மாறுகிறது. மெக்சிகோ வழியினரிடம் அது குறைவு, போர்ட்டோ ரிக்கோக்காரர்களிடம் மிக அதிகம். மரபுக்கும் இதில் பங்கு உண்டு என்கிறார்கள். ஆனால் தெற்கு பிராங்ஸுக்குப் போய்ப் பாருங்கள். மாட் ஹேவன் பகுதிக்கு 'ஆஸ்துமா சந்து' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு நெடுஞ்சாலைகள் போகின்றன. ஹண்ட்ஸ் பாயிண்ட் மொத்தச் சந்தைக்கு லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. வீட்டுக்குள் வந்தால் ஈரச் சுவரில் பூஞ்சை, அடுக்களையில் கரப்பான். இன்ஹேலர் எழுதிக் கொடுத்து அதே வீட்டுக்குத்தான் திருப்பி அனுப்புகிறோம். இதை வைத்தியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. புதிதாகக் குடியேறி வருகிறவர்கள் பொதுவாக ஆரோக்கியமாகத்தான் வருகிறார்கள். ஆண்டுகள் ஆக ஆகத்தான் எடை ஏறுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. இரண்டு வேலை, நின்றபடி சாப்பாடு, காப்பீடு இல்லை. வலி தாங்க முடியாமல் போகும் நாளில்தான் அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள்.

வந்தாலும் மொழி தடுக்கிறது. தாய்க்கு வந்த நோயைப் பத்து வயது மகள் மொழிபெயர்க்க நேர்கிறது. ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் இருந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். மெக்சிகோவின் கெரேரோ மாநிலத்திலிருந்து வந்த சிலருக்குத் தாய்மொழி மிக்ஸ்டெக்கோ என்ற பழங்குடி மொழி. ஸ்பானிஷும் அவர்களுக்கு அரைகுறைதான். அவர் தலையாட்டுகிறார், நாம் புரிந்துகொண்டார் என்று எழுதிவிடுகிறோம்.

2020 பிப்ரவரியில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது: அரசு உதவி பெற்றவர்களுக்கு கிரீன் கார்டு மறுக்கலாம். அந்த விதி தொடாதவர்கள்கூட பயந்து ஒதுங்கினார்கள். அடுத்த மாதமே பெருந்தொற்று. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனை வாசலில் வரிசை நீண்டது. மிகக் கடுமையாக அடிபட்ட பக்கத்து வட்டாரத்தின் பெயரும் கொரோனாதான். ஒரே வீட்டில் பல குடும்பங்கள். வேலைக்குப் போகாவிட்டால் வாடகை இல்லை. அவர்களை எங்கே தனிமைப்படுத்துவது? அந்த விதியை 2021-இல் திரும்பப் பெற்றார்கள். பயத்தை அப்படித் திரும்பப் பெற முடியவில்லை.

அதற்கு முன்பே, 2019 ஆகஸ்டில், நகர அரசு 'என்ஒய்சி கேர்' என்ற திட்டத்தை பிராங்ஸில்தான் முதலில் தொடங்கியது. காப்பீடு பெறத் தகுதி இல்லாதவர்களுக்கான திட்டம் அது. குடியேற்ற நிலையைப் பார்த்து யாரையும் ஒதுக்குவதில்லை. வருமானத்துக்கு ஏற்ற கட்டணம். சேர்ந்தவருக்கு ஓர் அட்டை தருகிறார்கள். அதில் அவருக்கென்று ஒரு மருத்துவரின் பெயர் இருக்கிறது.