பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம்: ரன்னிங் ஸ்டார்ட்டில் சேருமுன்

அனைவருக்கும் வணக்கம்.

சியாட்டில் அருகே பெல்வியூ, ரெட்மண்ட், பாத்தல் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை பத்தாம் வகுப்பை எட்டியதும் ஒரு கணக்குப் போடுகிறார்கள். ரன்னிங் ஸ்டார்ட்டில் சேர்த்துவிட்டால் இரண்டு வருடக் கல்லூரிக் கட்டணம் மிச்சம், இருபது வயதில் பட்டம் கையில். இதில் முதல் பாதி பெரும்பாலும் சரி. இரண்டாம் பாதிதான் இடிக்கிறது.

வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றம் 1990-இல் கொண்டுவந்த திட்டம் இது. மினசோட்டா இதே வழியை 1985-இலேயே திறந்துவிட்டது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பக்கத்துச் சமுதாயக் கல்லூரிக்குப் போய், மற்ற கல்லூரி மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கலாம். அந்தப் பாடம் பள்ளிக் கணக்கிலும் ஏறும், கல்லூரிக் கணக்கிலும் ஏறும். வரம்புக்குள் கல்விக் கட்டணம் கிடையாது. தனியார் பள்ளியில் படிப்பவர்களும் வீட்டிலேயே படிப்பவர்களும் முதலில் தங்கள் பகுதி அரசுப் பள்ளி மாவட்டத்தின் வழியாகப் பதிய வேண்டும். புத்தகம், ஆய்வகக் கட்டணம், போக்குவரத்து எல்லாம் நம் கைக்காசு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை உண்டு. ஆனால் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது.

இனி வேகத்தைப் பார்ப்போம். பாடத்தின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் கணக்கிடுவார்கள். பள்ளியில் ஒரு வருடம் முழுக்க நடக்கும் பாடத்துக்கு 1 கிரெடிட். கல்லூரியில் ஒரு குவார்ட்டரில் முடியும் 5 கிரெடிட் பாடமும் பள்ளிக் கணக்கில் அதே 1 கிரெடிட்தான். அதாவது பள்ளி செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடிப்பதைக் கல்லூரி பத்துப் பதினோரு வாரத்தில் முடித்துவிடும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் பாடத்தில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. டிசம்பரில் ஊருக்குப் போக டிக்கெட் போடுகிறவர்கள், கல்லூரியின் இறுதித் தேர்வு வாரம் எது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பள்ளி விடுமுறை நாட்காட்டியும் கல்லூரி நாட்காட்டியும் ஒத்துப்போவதில்லை.

வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு வெளியே இரண்டு மணி நேரப் படிப்பு என்பது கல்லூரிகளின் பொது அளவுகோல். 5 கிரெடிட் என்றால் வாரம் 15 மணி நேரம். 15 கிரெடிட் எடுத்தால் 45 மணி நேரம். அது ஒரு முழுநேர வேலைக்கும் மேல். அதனால் முதல் குவார்ட்டரில் ஒரு பாடம், மிஞ்சினால் இரண்டு. மீதியைப் பள்ளியில் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் முகம் சுளிக்கிற பெற்றோர் உண்டு. முதல் குவார்ட்டரில் 15 கிரெடிட் எடுத்து ஒன்றில் சறுக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

எங்கே சறுக்குகிறார்கள்? பெரும்பாலும் பாடத்தின் கடினத்தில் இல்லை, வீட்டுப்பாடமும் மதிப்பெண்ணும் ஏறும் கேன்வாஸ் என்ற இணையதளத்தின் திரையில். பையன் திறந்து பார்க்கிறான், 94 சதவீதம் என்று காட்டுகிறது. நிம்மதியாக மூடிவிடுகிறான். ஆசிரியர் திருத்தி மதிப்பெண் போட்டதை மட்டும் வைத்துக் காட்டும் எண் அது. கொடுக்காமல் விட்ட மூன்று வீட்டுப்பாடங்களுக்கு இன்னும் பூஜ்யம் போடாவிட்டால் அவை கணக்கிலேயே வராது. எட்டாவது வாரம் ஆசிரியர் பூஜ்யங்களைப் போட்டதும் 94 சட்டென்று 71 ஆகிவிடும். அதனால் முதல் நாளே சிலபஸைத் திறந்து இடைத்தேர்வுக்கு எத்தனை சதவீதம், வீட்டுப்பாடத்துக்கு எத்தனை, தாமதமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு தாளில் எழுதி, மேஜைக்கு மேலே ஒட்டச் சொல்லுங்கள். பள்ளியில் ஆசிரியர் துரத்தித் துரத்தி வாங்குவார். இங்கே யாரும் துரத்த மாட்டார்கள்.

நாமும் துரத்த முடியாது. பிள்ளைக்குப் பதினாறு வயதே ஆனாலும், கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து கல்லூரிப் பதிவேடுகள் மீதான உரிமை அவர்களுடையது. ஃபெர்பா என்ற மத்தியச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அப்பா பேராசிரியருக்கு மின்னஞ்சல் போட்டால் பதில் வராது. வந்தாலும் "உங்கள் மகளையே எழுதச் சொல்லுங்கள்" என்றுதான் வரும். பள்ளியில் சிறப்புக் கல்வித் திட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்று: அந்தத் திட்டம் கல்லூரிக்குக் கூடவே வராது. தேர்வில் கூடுதல் நேரம் வேண்டுமென்றால் மாணவரே கல்லூரியின் மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்தில் ஆவணம் கொடுத்துக் கேட்க வேண்டும்.

மதிப்பெண்ணைப் பற்றி. கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட், அதாவது மதிப்பெண் பதிவேடு, அழியாது. குவார்ட்டர் தொடங்கிய முதல் சில நாட்களுக்குள் பாடத்தை விட்டால் சுவடு இருக்காது. அதற்குப் பிறகு விட்டால், பாதியில் விலகியதைக் குறிக்கும் டபிள்யூ என்று பதிவாகும். இந்த டபிள்யூ சேரச் சேர, பின்னாளில் நிதி உதவி கேட்கும்போது, எடுத்த கிரெடிட்டில் இத்தனை சதவீதம் முடித்திருக்க வேண்டும் என்ற விதியில் மாட்டும். மருத்துவம் படிக்க ஆசைப்படும் வீடுகள் இதைக் கவனமாகக் கேளுங்கள். மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பான ஆம்காஸ், பள்ளி நாட்களில் எடுத்த கல்லூரிப் பாடங்களையும் சேர்த்துத்தான் ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண்ணைப் போடுகிறது. திரும்பப் படித்து ஏ வாங்கினாலும் பழைய சி கணக்கில் இருக்கும். பதினாறு வயதில் வேதியியலில் வாங்கிய சி, இருபத்திரண்டு வயதில் எதிரே வந்து நிற்கும்.

இருபது வயதில் பட்டம் என்ற கணக்குக்கு வருவோம். ஆறு குவார்ட்டர், ஒவ்வொன்றிலும் 15 கிரெடிட், மொத்தம் 90. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு மாற்றிக்கொள்ளும் அசோசியேட் என்ற இரண்டு வருடப் பட்டம் கையில். பொருளாதாரம், வரலாறு போன்ற படிப்புகளுக்கு இது நன்றாக வேலை செய்யும். கணினி அறிவியலும் பொறியியலும் வேறு கதை. அங்கே ஒரு பாடத்தை முடித்தால்தான் அடுத்தது என்று சங்கிலி நீளமாக இருக்கும். பொதுப் பாடங்களில் 60 கிரெடிட் சேர்த்தாலும் சங்கிலி குறுகாது. இந்தப் பிள்ளைகள் ஆங்கிலம் 101-ஐ முடித்துவிட்டு, கால்குலஸையும் இயற்பியலையும் வரிசையாக எடுப்பதுதான் புத்திசாலித்தனம். வாஷிங்டன் பல்கலைக்கழகம், எத்தனை கிரெடிட் வைத்திருந்தாலும் ரன்னிங் ஸ்டார்ட் மாணவரை முதலாண்டு விண்ணப்பதாரராகவே பார்க்கிறது. 

வெளிமாநிலம் போகிறவர்கள் கால்குலஸைப் பாதியில் விடாதீர்கள். பல இடங்களில் குவார்ட்டருக்குப் பதில் வருடத்தை இரண்டாகப் பிரிக்கும் செமஸ்டர் முறை. 5 குவார்ட்டர் கிரெடிட் என்பது 3.33 செமஸ்டர் கிரெடிட். மூன்று குவார்ட்டர் தொடரில் இரண்டை மட்டும் முடித்துவிட்டுப் போனால், செமஸ்டர் கணக்கில் ஒரு பாடமும் அடுத்ததில் மூன்றில் ஒரு பங்கும் படித்த மாதிரி தொங்கும். இரண்டாவதை மறுபடி படிக்கச் சொல்வார்கள். தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும், பள்ளிப் பட்டத்துக்குக் கணக்கில் எடுத்த பாடத்துக்குத் தங்கள் கிரெடிட் தர மறுக்கும். குறி வைத்திருக்கும் இடத்தின் விதியைப் பாடம் எடுக்கும் முன்பே படியுங்கள்.

செய்முறை சுருக்கமாக. பத்தாம் வகுப்பின் வசந்த காலத்தில் கல்லூரிக்கு விண்ணப்பம், ஆங்கிலம், கணித நிலைத் தேர்வு. பிறகு பள்ளிக் கவுன்சிலரோடு உட்கார்ந்து, பள்ளிப் பட்டத்துக்கு இன்னும் என்னென்ன பாக்கி என்று எழுதி வாங்குங்கள். வாஷிங்டன் மாநில வரலாறும் உடற்கல்வியும்தான் அடிக்கடி மறந்துபோகிறவை. பதிவுச் சரிபார்ப்புப் படிவத்தில் ஒவ்வொரு குவார்ட்டருக்கும் புதிதாகக் கவுன்சிலர் கையெழுத்து வேண்டும். கவுன்சிலர்கள் கோடையில் கிடைக்க மாட்டார்கள்; ஜூன் முதல் வாரத்துக்குள் வாங்கிவிடுங்கள். புதிய மாணவர்களுக்குப் பதிவுத் தேதி கடைசியில்தான் வரும். ஒவ்வொரு பாடத்துக்கும் மாற்றாக இரண்டு வகுப்பு நேரம் கையில் இருக்கட்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும், பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் அந்தப் பாடங்கள் இருப்பதே போதும் என்று இருந்துவிடாதீர்கள். சேரப்போகும் பல்கலைக்கழகத்துக்குக் கல்லூரியிலிருந்தே நேரடியாக ஒன்று போக வேண்டும். ஜூனில் கடைசி மதிப்பெண்கள் ஏறிய பிறகு ஆர்டர் செய்யுங்கள். முந்திக்கொண்டால் வசந்தக் குவார்ட்டர் இல்லாத பிரதிதான் அங்கே போய்ச் சேரும்.

நன்றி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.