இலை இடுக்கில் விழும் சூரியன்

நேயர்களுக்கு வணக்கம். புதுச்சேரியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சூரியன் மேல் எனக்குத் தீராத பிரியம். இன்றைக்கு அதைப் பற்றியும், போனில் படிக்கும் சின்னப் பிள்ளைகளைப் பற்றியும் பேசுகிறேன்.

வெயில் நேரத்தில் மரத்தடியில் நின்றால் தரையில் வட்ட வட்டமாக வெளிச்சம் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். இலை இடுக்கெல்லாம் கோணல்மாணல். வெளிச்சம் மட்டும் ஏன் வட்டம்? ஒவ்வொரு வட்டமும் சூரியனின் படம், அதனால்தான்.

2019 டிசம்பர் 26 காலை சூரிய கிரகணம். திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கம் நெருப்பு வளையம், நமக்குப் பிறை. எங்கள் தெரு வேப்பமரத்தடியில் வட்டமெல்லாம் பிறையாக மாறிக் கிடந்தன. பக்கத்து வீட்டுக் குழந்தை, இரண்டாம் வகுப்பு, உள்ளங்கையை நீட்டி ஒரு பிறையைப் பிடித்துக்கொண்டாள். கையை ஆட்டாமல், "டீச்சர், இது சூரியனா?" என்றாள். வெளியே போகாதே என்று தடுத்த அவள் பாட்டியே கொஞ்ச நேரத்தில் மாவுச் சல்லடையோடு வந்துவிட்டார். சல்லடைக்கு எத்தனை கண்ணோ அத்தனை பிறை! நிமிர்ந்து சூரியனைப் பார்க்கவே வேண்டியதில்லை. வெறும் கண்ணால் பார்க்கவும் கூடாது, அதை எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்வேன்.

மூன்று மாதத்தில் ஊரடங்கு. அதே குழந்தைக்குப் பாடம் அப்பாவின் போனில். 'சூரியன் ஒரு நட்சத்திரம்' என்று பத்து முறை எழுதச் சொல்லியிருந்தார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் அவளைக் கூப்பிட்டு ஹீலியோவியூவர் இணையதளத்தைத் திறந்து காட்டினேன். தேதியைக் கொடுத்தால் அன்றைய சூரியன் வரும். 2010இல் நாசா ஏவிய விண்கலம் இரவு பகலாக எடுக்கிற படங்கள். அவள் தன் பிறந்த தேதியைக் கேட்டாள். 2012. சூரியன் முகத்தில் மிளகு தூவிய மாதிரி கரும்புள்ளிகள். அப்புறம் கிரகண நாளைப் போட்டோம். முகம் ஏறக்குறைய துடைத்து வைத்தாற்போல இருந்தது. "புள்ளியெல்லாம் எங்கே போச்சு?" என்றாள். சுமார் 11 வருடத்துக்கு ஒருமுறை புள்ளிகள் கூடிக் குறையும் என்பதை அவளே பாதி கண்டுபிடித்துவிட்டாள் பாருங்கள்!

இந்த ஹீலியோவியூவர் கட்டற்ற மென்பொருள். நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், காசு கிடையாது. விஞ்ஞானிகள் பயன்படுத்தும் சன்பை என்ற, பைத்தான் கணினி மொழியில் எழுதிய நிரல் தொகுப்பும் அப்படித்தான். ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் முதல் வரியிலிருந்து சரிபார்க்க முடியும். ஆராய்ச்சியாளர் பார்க்கிற அதே படத்தை ஏழு வயதுப் பிள்ளையும் பார்க்கிறது. நான் இவ்வளவு தூரம் சொல்வது அதற்காகத்தான். ஆனால் முதலில் மரத்தடி, அப்புறம் போன். இந்த வரிசை மாறக் கூடாது. மரத்தடியில் கேள்வி பிறக்காவிட்டால் போனில் தேட ஒன்றுமில்லை.

கொடைக்கானல் ஆய்வகம் நூறு வருடத்துக்கு மேல் எடுத்துவரும் படங்கள், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைப் பார்க்கும் நம் நாட்டு விண்கலம் ஆதித்யா எல்-1, இதெல்லாம் சொல்ல நினைத்தேன். நேரமாகிவிட்டதென்று கை காட்டுகிறார்கள். சரி, இரண்டே விஷயம். 2 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு விளையாடிக்கொண்டே படிக்க ஜீகாம்ப்ரி என்று ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. விளம்பரம் கிடையாது, இறக்கிவிட்டால் இணையமும் வேண்டாம். இன்னொன்று, நம் புதுச்சேரியில் ஏப்ரல் 21ஐ ஒட்டி மதியம் 12.10 வாக்கில் மொட்டைமாடியில் ஒரு நேரான டப்பாவை நிறுத்தி வையுங்கள். நிழல் எங்கே என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். வணக்கம்.