பின்னறையை மென்பொருள் பார்க்காது

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஈரோட்டு வணிகப் பெருமக்களுக்கும் என் வணக்கம்.

'சிறு வணிகர்கள் வரிக் கணக்குக்கு மென்பொருளை நம்பி இருக்கலாமா?' என்பது இன்றைய தலைப்பு. இருக்கக் கூடாது என்று பேச வந்திருக்கிறேன். 20 வருடத்துக்கு மேலாக இந்த ஊர்க் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். 2007இல் வாட் என்ற மதிப்புக்கூட்டு வரி வந்தபோதும் சரி, 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோதும் சரி, பில் கட்டுகளுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி நன்றாகவே பேசினார். மென்பொருள் கூட்டலில் தப்புச் செய்யாது, லீவு போடாது, மாதா மாதம் ஆளுக்குக் கொடுக்கும் காசு மிச்சம் என்றார். ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. நானும் தினமும் அதில்தான் வேலை செய்கிறேன். ஆனால் தலைப்பில் 'நம்பி இருக்கலாமா' என்று ஒரு சொல் இருக்கிறது, நடுவர் அவர்களே. வைத்துக்கொள்வது வேறு, நம்பி இருப்பது வேறு. கடையில் தராசு வைத்திருக்கிறோம். எத்தனை கிலோ என்று அது சரியாகச் சொல்லும். தட்டில் இருப்பது பொன்னியா, ரேஷன் அரிசியா என்று அதற்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டியது நாம்தான்.

அரிசி என்றதும் ஒரு கடை ஞாபகம் வருகிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். கடைக்காரர் எனக்கு அண்ணன் மாதிரி. மளிகைக் கடை. வருடக்கணக்கில் அவருக்குக் கணக்குப் பார்த்தேன். ஒருநாள், "அம்மிணி, பையன் கம்ப்யூட்டரில் எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டான், இனிமேல் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றார். எனக்கு வருத்தமில்லை. காசு மிச்சமானால் நல்லதுதானே.

2022 ஜூலை 18ஆம் தேதி ஒரு மாற்றம் வந்தது. முன்கூட்டியே பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு, 25 கிலோ வரைக்கும் 5 சதவீத வரி. அதற்கு மேல் எடை போனால் வரி இல்லை. 26 கிலோ மூட்டை எப்படிப் பிறந்தது என்று அரிசி வியாபாரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அண்ணனும் காங்கேயத்து மில்லிலிருந்து 26 கிலோ மூட்டைதான் வாங்கினார். வரி இல்லாத பில். மென்பொருளில் 'அரிசி' என்று ஓர் ஐட்டம், அதற்கு எச்எஸ்என் என்ற சரக்கு வகைக் கோடு, எதிரில் பூஜ்யம். வாங்குவதும் பூஜ்யம், விற்பதும் பூஜ்யம். மாதா மாதம் ரிட்டன் சரியாகப் போனது, ஒரு பிழைச் செய்தி கூட வந்ததில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, அண்ணன் மகனின் கல்யாணப் பத்திரிகை வாங்கப் போனேன். அண்ணன் பின்னறையில் இருக்கிறார் என்றார்கள், உள்ளே போனேன். அங்கே இரண்டு பெண்கள் மூட்டையைப் பிரித்து ஐந்து கிலோ, பத்துக் கிலோவாக நிறுத்துப் பையில் போட்டு, வாய் ஒட்டி, கடைப் பெயர் போட்ட லேபிள் ஒட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது.

வாடிக்கையாளர் எதிரில் மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை. அதே அரிசியை அவர் வருவதற்கு முன்பே பையில் அடைத்து லேபிள் ஒட்டி வைத்தால் 5 சதவீதம். அரிசி ஒன்றுதான், கோடு ஒன்றுதான். வரி மாறுவது பின்னறையில் நடக்கும் வேலையால். அந்தப் பின்னறை எந்த பில்லிலும் கிடையாது. பில்லில் இல்லாததை மென்பொருள் எங்கே போய்ப் பார்க்கும்?

மாதம் ஒரு லட்ச ரூபாய் அளவுக்கு அந்தப் பைகள் விற்றிருந்தன. பதினெட்டு மாதம். வரி மட்டுமே 85 ஆயிரத்தைத் தாண்டியது. அதற்கு மேல் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. வாடிக்கையாளரிடம் வாங்காத வரியைத் தன் கையிலிருந்து கட்டினார். கல்யாணச் செலவு காத்திருந்த நேரம். நோட்டீஸ் வருவதற்கு முன்பே கட்டியதால் அபராதம் இல்லாமல் போனது, அந்த அளவுக்குப் பரவாயில்லை. மென்பொருள்மேல் ஒரு தப்பும் இல்லை, நடுவர் அவர்களே. பூஜ்யம் என்று சொன்னார்கள், அது பூஜ்யம் என்று எழுதியது. ஆனால் ஒரு மனிதர் மாதம் ஒருமுறை அந்தக் கடைக்குள் நடந்து போயிருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும்.

இது அரிசியோடு முடிகிற கதையும் இல்லை. 2024 செப்டம்பரில் பக்கத்துக் கோயம்புத்தூரில் ஓர் உணவக உரிமையாளர் நிதியமைச்சரிடமே எழுந்து நின்று கேட்டாரே, பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதமா என்று. நாடே அதைப் பேசியது. ஒரு வருடம் கழித்து, 2025 செப்டம்பர் 22ஆம் தேதி, விகிதங்களையே மாற்றினார்கள். நெய், வெண்ணெய் 12இலிருந்து 5, சோப்பு, ஷாம்பு, பற்பசை 18இலிருந்து 5. "அப்டேட் தானாக வந்துவிடும்" என்று எதிரணி சொல்கிறது. சந்தா கட்டியவருக்கு வரும். மூன்று வருடம் முன்பு யாரோ போட்டுக் கொடுத்த பழைய பதிப்பை வைத்துக்கொண்டு இருக்கிறவருக்கு எங்கிருந்து வரும்? அன்றைக்குக் காலையில் எத்தனை கடையிலிருந்து எனக்கு போன் வந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

சரி, இன்புட் விஷயத்துக்கு வருகிறேன். சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியை, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதுதான் இன்புட். இதில்தான் எதிரணி ரொம்பப் பெருமைப்பட்டது. நாம் வாங்கிய பில்லையும், நமக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலாக அரசாங்கப் போர்ட்டலில் வரும் 2பி-யையும் ஒரு நிமிடத்தில் ஒப்பிட்டுவிடும் என்றார்கள். உண்மைதான். நான் பேனாவால் டிக் அடித்து இரண்டு நாள் செய்த வேலை அது.

ஆனால் ஒப்பிட்ட பிறகு என்ன நடக்கிறது? நமக்குச் சரக்குக் கொடுத்தவர் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கைப் போட வேண்டும். 14ஆம் தேதி நம் 2பி வரும். 20ஆம் தேதிக்குள் நாம் 3பி என்ற மாத ரிட்டனைப் போட்டுப் பணம் கட்ட வேண்டும். நடுவில் இருப்பது ஆறே நாள். சரக்குக் கொடுத்தவர் அந்த பில்லை ஏற்றவில்லை என்றால், நாம் வரியோடு பணம் கொடுத்திருந்தாலும் இந்த மாதம் இன்புட் கிடையாது. மென்பொருள் சிவப்பில் காட்டிவிட்டு நின்றுவிடும். அந்தச் சிவப்பை எடுத்துக்கொண்டு யார் போன் போடுவது? அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டன் போடுகிறவரா, பில்லை வேறு யாருடைய ஜிஎஸ்டி எண்ணிலாவது ஏற்றிவிட்டாரா, கடையையே மூடிவிட்டாரா? "அண்ணே, உங்கள் பில் இன்னும் வரவில்லை, இன்றைக்கு ஏற்றாவிட்டால் அடுத்த பேமெண்ட்டை நிறுத்தச் சொல்லிவிடுவேன்" என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். அந்த ஆறு நாளில் என் வேலையில் பாதி போனில்தான் நடக்கிறது.

சிவப்பையாவது நாம் கவனித்துவிடுவோம். எனக்குப் பயம் பச்சையைப் பார்த்துத்தான். கடைப் பெயரில் கார் வாங்குகிறோம். தீபாவளிக்கு வேலையாட்களுக்கு ஸ்வீட் வாங்குகிறோம். இரண்டு பில்லும் 2பி-யில் அழகாக வந்து உட்காரும். மென்பொருள் பொருந்துகிறது என்று பச்சை காட்டும். ஆனால் மளிகைக் கடைக்காரர் தன் பயணத்துக்கு வாங்கிய காருக்கும், இலவசமாகக் கொடுத்த ஸ்வீட்டுக்கும் இன்புட் எடுக்கச் சட்டம் விடாது. பொருந்துவது வேறு, கிடைப்பது வேறு. 2024 அக்டோபரிலிருந்து போர்ட்டலில் இன்னொன்றும் வந்திருக்கிறது. நம் எண்ணில் ஏறும் ஒவ்வொரு பில்லையும் நாம் ஏற்கலாம், நிராகரிக்கலாம், நிறுத்தி வைக்கலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. நாம் வாங்காத சரக்கு நம் பெயரில் ஏறியிருந்தாலும் அப்படித்தான். இது நம் கடைச் சரக்கு இல்லை என்று சொல்ல, கடையைத் தெரிந்த ஒரு கண் வேண்டாமா?

எதிரணியில் அம்மா ஒருவர் கேட்டார்: "ஆள் மட்டும் யோக்கியமா? தேதி தவற விடுகிற ஆடிட்டர் இல்லையா? பாஸ்வேர்டைக் கையில் வைத்துக்கொண்டு அலைய விடுகிறவர் இல்லையா?" இருக்கிறார்கள், அம்மா. அப்படிப்பட்டவர்களிடமிருந்து வந்த கணக்குகளைச் சரிசெய்து நானே சோர்ந்திருக்கிறேன். நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் என்று மாதக்கணக்கில் ஏறிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஆளை எதிரில் உட்காரவைத்து, "ஏன் இப்படிப் போட்டாய்?" என்று கேட்கலாம். அவர் பதில் சொல்லியாக வேண்டும். பதில் பிடிக்கவில்லை என்றால் வேறு ஆள் பார்க்கலாம். மென்பொருளிடம் 'ஏன்' என்று கேட்க வழியில்லை. அதை விற்றவர்களோ, உள்ளே போட்ட விவரத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுகிறார்கள். கடைசியில் நோட்டீஸ் வருவது கடைக்காரர் பெயருக்குத்தான்.

பெரிய மனிதர்களுக்கே இது நடந்திருக்கிறது. 2009இல் அமெரிக்காவின் நிதியமைச்சராக நியமிக்கப்பட்ட டிமோத்தி கைட்னர், சர்வதேச நிதியத்தில் வேலை பார்த்த காலத்தில் கட்ட வேண்டிய ஒரு வரியைக் கட்டாமல் விட்டிருந்தார். டர்போடாக்ஸ் மென்பொருளில்தான் கணக்குப் போட்டேன் என்று செனட் குழு முன்பு சொன்னார். ஆனாலும் பொறுப்பு தன்னுடையதுதான் என்று அவரே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அரசாங்கத்தின் மென்பொருளையாவது நம்பலாமா? 2024 ஜூலை 5ஆம் தேதி வருமான வரித் துறை தன் மென்பொருளில் ஒரு மாற்றம் செய்தது. அதன் பிறகு, புதிய வரி முறையில் இருந்தவர்கள் பங்கு விற்ற லாபம் போன்ற சில வருமானங்களுக்கு, குறிப்பிட்ட வருமானம் வரை உள்ளவர்களுக்கு 87ஏ பிரிவு தரும் வரித் தள்ளுபடியைக் கேட்கவே முடியாமல் போனது. அந்தத் தள்ளுபடி சட்டப்படி உண்டா இல்லையா என்பது வாதாட வேண்டிய விஷயம். ஆனால் வாதாடுவதற்கு முன்பே படிவத்தில் அதைக் கேட்கும் கட்டத்தை அடைத்துவிட்டார்கள். வரி ஆலோசகர்கள் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கேட்கும் உரிமையை மென்பொருளை வைத்துத் தடுக்கக் கூடாது, அதை மாற்றுங்கள் என்று 2025 ஜனவரியில் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கட்டம் அடைபட்டிருக்கிறது என்று பார்த்தது மனிதர், சட்டப் புத்தகத்தைப் புரட்டியது மனிதர், வழக்குப் போட்டதும் மனிதர். மென்பொருளை மட்டும் நம்பி இருந்தவருக்கு அப்படி ஒரு கட்டம் இருந்ததே தெரிந்திருக்காது.

இன்னும் ஒன்று, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்றரைக் கோடி வரை வியாபாரம் உள்ள கடைக்கு காம்போசிஷன் திட்டம் உண்டு. விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும், வேலை குறைவு. மென்பொருளில் அதற்கு ஒரு டிக் இருக்கிறது. ஆனால் அதை அடித்தால் வரி போட்ட பில் கொடுக்க முடியாது. என்னிடம் வரும் ஒரு மசாலாப் பொடி செய்கிற தங்கச்சி அந்த டிக்கை அடிக்கப் போனாள். "உன்னிடம் யார் வாங்குகிறார்கள்?" என்று கேட்டேன். பாதிக்கு மேல் மொத்த வியாபாரிகள். இன்புட் கிடைக்காத பில்லை அவர்கள் வாங்குவார்களா? நிறுத்திக்கொண்டாள். உன்னிடம் யார் வாங்குகிறார்கள் என்று எந்த மென்பொருள் அவளைக் கேட்டிருக்கும்?

அரிசிக்கடை அண்ணன் இப்போதும் மென்பொருளில்தான் பில் போடுகிறார். பையன் போட்டுக் கொடுத்த அதே மென்பொருள். உள்ளே 'அரிசி' என்று இருந்த ஐட்டம் இரண்டாகிவிட்டது: சில்லறை அரிசி, பை அரிசி. மாதா மாதம் 15ஆம் தேதி மத்தியானம் நான் போகிறேன். முதலில் பின்னறைக்குப் போய்விட்டுத்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறேன்.

நடுவர் அவர்களே, இன்று தேதி 18. நாளை மறுநாள் 3பி போட வேண்டியவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். மென்பொருள் எல்லாவற்றையும் தயாராக வைத்திருக்கும். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், உங்கள் கடையைத் தெரிந்த யாராவது ஒருவரை வரச்சொல்லிப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அரைமணி நேரம் போதும். தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.